இரண்டாவது கோப்பை

தக்காளி சூப் சிவப்பாக இருந்தது. செல்வமேரி அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வேதியியலில் பட்டம் வாங்கியவள். பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இரும்புச்சத்துக்கும் சிவப்பு நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதக்கூடியவள். ஆனாலும் ஹோட்டல் சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்ததும், ரத்தம் என்றால் சிவப்பு என்றுதான் அவள் மனம் நினைத்தது. படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று பிறகு தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அது 1993, ஜூலை மாதம். அரசுத் தேர்வு எழுதி, பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அதற்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ஹீமோகுளோபின் எட்டுதாம்மா இருக்கு. பத்துக்கு மேல வந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். ஆறு வாரம் டைம் தரேன். மாத்திரை சாப்பிடு. நல்லா சாப்பிடு."

"சாப்பாடு இறங்க மாட்டேங்குது டாக்டர். வாந்தி வர மாதிரி இருக்கு."

"அப்ப சூப்பா குடி. கீரை, பருப்பு, காய்கறி, ஏதாவது. தினமும் குடி."

வீட்டில் செய்துகொடுக்க அம்மா இருந்தாள். ஆனால் சூப்பு எதற்கு என்று அம்மா கேட்பாள். அப்பா சின்னப்பன் கொத்தனார். மகளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்றே தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். மாதா கோவிலில் சாமியார் வாயால் அறிவிக்கவும் வைத்துவிட்டார். இப்போது போய் 'எனக்கு உடம்பு தகுதியில்லையாம்' என்று சொன்னால், அந்த லட்டுகளை அவர் எப்படித் திரும்ப வாங்குவார்? அதோடு, தாம்பரத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே, காசநோய் ஆஸ்பத்திரியால் பெயர் வந்த சானடோரியம் ஸ்டேஷன் இருக்கிறது. மெலிந்த பெண் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள் என்று தெரிந்தால், தெருவே அந்த ஸ்டேஷன் பெயரைத்தான் முணுமுணுக்கும். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையைக் கைப்பையில் பழைய கல்லூரி அடையாள அட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

உண்மையைச் சொன்னால், சொல்லிப் பழக்கமும் விட்டுப்போயிருந்தது. அவள் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வீட்டில் அவளோடு பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்பா அவள் எதிரில் பீடி பிடிப்பதில்லை. அம்மா அம்மணி அவளுக்குத் தனியாகத் தட்டு வைத்துப் பரிமாறிவிட்டு, மற்றவர்களோடு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அங்கே சிரிப்பு கேட்கும். இவள் எழுந்து போனால் சிரிப்பு நின்று, "இன்னா கண்ணு, ரசம் வேணுமா?" என்று யாராவது எழுந்திருப்பார்கள். மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு பாய் அளவுக்குக்கூட அவளுக்கு இடம் இருக்கவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு நர்சரி பள்ளியில் அவள் அப்போது டீச்சர். நாலு மணிக்குப் பள்ளி விட்டதும் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கி, பஸ்ஸுக்குப் போகாமல் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே 'குணநிதி' ஹோட்டல் இருந்தது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று மூன்று ஊரிலும் ஒரே மாதிரி பச்சைப் பலகை, ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், ஒரே மாதிரி சாம்பார். வாசலில் நின்ற சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேடீஸா? உள்ள போங்க, ஃபேமிலி ரூம்" என்று கை காட்டினார்.

ஃபேமிலி ரூம் என்பது பலகைத் தடுப்பு போட்ட ஆறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் முழங்கால்வரை தொங்கும் ஒரு திரை. புருஷன் பெண்டாட்டி, பிள்ளைகள், கல்யாணம் நிச்சயமான ஜோடி, நிச்சயமாகாத ஜோடி என்று எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. தனியாக வந்த ஆண் அங்கே உட்கார முடியாது. தனியாக வந்த பெண் வெளியே உட்கார முடியாது. செல்வமேரி எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்ட கடைசி அறையில் உட்கார்ந்தாள்.

சர்வர் வந்தான். அவளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சட்டைப் பையில் 'தயாளன்' என்று நூலால் தைத்திருந்தது. சூப் இருக்கிறதா என்று அவனிடம் கேட்டாள்.

"இன்னா மேடம், சூப்பா? தக்காளி, வெஜிடபிள், ஸ்வீட் கார்ன், காளான், முருங்கைக்கீரை, பெப்பர் சூப் கீது."

"பெப்பர் சூப்னா?"

"ரசம்தான் மேடம். கிண்ணத்துல ஊத்தி ஸ்பூன் போட்டா சூப்பு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அந்தச் சிரிப்போடு, "தக்காளி" என்று சொல்லிவிட்டாள்.

தயாளன் தட்டில் கொண்டுவந்தது ஒரு கோப்பை அல்ல, இரண்டு. ஒன்றை அவள் முன்னால் வைத்தான். மற்றதை எதிரே, காலி நாற்காலிக்கு முன்னால், ஸ்பூனைச் சரியாக வலப்பக்கம் பார்த்து வைத்தான். ஃபேமிலி ரூமில் சூப் என்று சொன்னால் அப்படித்தான் வரும். ஒரு சூப்பை இரண்டு கோப்பையில் பங்கிட்டுத்தான் தருவார்கள். அங்கே தனியாக உட்கார்ந்து சூப் குடிப்பவர் என்று ஒருவர் இருக்கக்கூடும் என்பதையே குணநிதி ஹோட்டல்காரர்கள் யோசித்திருக்கவில்லை. இது அவளுக்கு எப்படித் தெரியும்? ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே அவள் வாழ்க்கையில் மூன்றோ நாலோ தடவை.

"அவுங்க வராங்களா மேடம்?" என்றான் தயாளன்.

'இல்லை, நான் தனியாகத்தான் வந்தேன்' என்பது நாலே வார்த்தை. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பமே பூரிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. செல்வமேரியின் வாய் அவளைக் கேட்காமலே சொல்லிற்று:

"வருவாங்க."

அவள் தன் கோப்பையைக் குடித்தாள். இனிப்பும் புளிப்புமாக, தொண்டையில் உறுத்தாமல் இறங்கியது, வாந்தி வரவில்லை. எதிரே இருந்த கோப்பையில் ஆவி அடங்கி, மேலே மெல்லிய ஆடை படிந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் இரண்டு தடவை மணிக்கட்டைத் திருப்பினாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

மறுநாளும் போனாள். தயாளன் கேட்காமலே இரண்டு கோப்பை வைத்தான். மூன்றாம் நாளும் அப்படியே. நேற்று 'வருவாங்க' என்று சொன்னவள் இன்று எப்படி 'யாரும் இல்லை' என்பாள்? நாள் ஆக ஆக அந்தப் பொய்க்கு ஓர் உருவமே வந்துவிட்டது. வேலையில் மாட்டிக்கொண்டு நேரத்துக்கு வர முடியாத ஓர் ஆள். நல்லவன்தான், நேரம்தான் வாய்க்கவில்லை. சில சமயம் அவளே அவனுக்காகப் பரிதாபப்பட்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், அவளுடைய பள்ளியில் கணக்கு எடுக்கும் நாகலக்ஷ்மி டீச்சர் கணவரோடு அங்கே வந்தார். அஸ்தினாபுரத்தில் சொந்த வீடு, ஸ்கூட்டர், பாங்கில் வேலை பார்க்கும் கணவர். அறை தேடித் தவறிப்போய்த் திரையை விலக்கியவர், செல்வமேரியையும் எதிரே நிறைந்திருந்த கோப்பையையும் ஒரே பார்வையில் பார்த்தார். "அடடா, சாரி, சாரி" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரையை மூடினார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில், டீச்சர்கள் உட்காரும் நீள பெஞ்சில் நாகலக்ஷ்மி நகர்ந்து இடம் விட்டார்.

"வா மேரி, இங்க உக்காரு. ஏண்டி, கமுக்கமா இருந்துண்டு இவ்வளவு வேலை பண்றியா நீ? யாரு அவர்?"

"அப்படியெல்லாம் இல்ல மிஸ்."

"எங்களுக்கும் வயசு இருபத்திநாலா இருந்தது. சொல்லு. ஆபீஸா? பிசினஸா?"

"வந்துண்டே இருக்காராக்கும்! சூப்பு ஆறிப்போறது, ஆளைக் காணோம்" என்றாள் இன்னொரு டீச்சர். பெஞ்சே சிரித்தது. ஒருத்தி அவள் டப்பாவில் உருளைக்கிழங்கு வைத்தாள். ஒரு வருஷமாக ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு, இல்லாத ஒருவனால் அந்த பெஞ்சில் இடம் கிடைத்தது. அவள் மறுக்கவில்லை. அன்றைக்கு மாத்திரையையும் அந்தக் கூட்டத்தில் கொடுத்த காப்பியோடுதான் யாருக்கும் தெரியாமல் விழுங்கினாள்.

மூன்று வாரம் முடிந்தது. ஸ்டேஷன் பக்கத்து லேப்பில் தானாகவே போய் ரத்தம் கொடுத்தாள். எட்டு புள்ளி மூன்று.

"மூணு வாரமா மாத்திரை போடறேன், தினமும் சூப் குடிக்கிறேன்" என்றாள் செல்வமேரி. அது ஏதோ லேப்பின் தவறு என்பது போல.

அடுத்த ஆளுக்கு ஊசியைப் பொருத்திக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "மாத்திரைய எதோட போடறீங்க? காப்பியா? வேஸ்ட்டுங்க. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஏதாவது குடிங்க, அப்பத்தான் உடம்புல ஒட்டும். சூப்பு என்ன சூப்பு?"

"தக்காளி. ஹோட்டல்ல."

"எவ்ளோ குடிப்பீங்க?"

அவள் மனதுக்குள் அளந்து பார்த்தாள். பாதி. தினமும் பாதி. மற்ற பாதியை அவள் கண் முன்னாலேயே தயாளன் தட்டில் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டுகிறான். இல்லாத ஆளுக்கு அவள் தன் ரத்தத்தில் பங்கு வைத்திருக்கிறாள்.

லேப் வாசலில் சைக்கிள்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றாள். எதற்காக இந்த நாடகம்? யாருக்காக? தான் யார் என்று கேட்டால் தயாளனுக்குத் தெரியாது; தெரிந்தாலும் அவனுக்கு என்ன? வீட்டில் படித்த பெண், பள்ளியில் காதலிக்கும் பெண், ஹோட்டலில் காத்திருக்கும் பெண். இந்த மூன்று பேரில் எட்டு புள்ளி மூன்று யாருடையது? இன்னும் இருபது நாள்தான் இருந்தது. இருபது நாளில் இந்த மூன்று பேருக்குமாக ரத்தம் ஊற வைக்க அவளால் முடியாது.

அன்று மாலை ஃபேமிலி ரூமின் கடைசி அறையில் தயாளன் வழக்கம்போல் இரண்டு கோப்பை வைத்தான். அவன் திரும்புவதற்குள் செல்வமேரி கையை நீட்டி, எதிரே இருந்த கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். மேஜை மைக்காவில் அது கீச்சென்று சத்தம் போட்டது.

"யாரும் வரல. யாரும் வரவும் மாட்டாங்க. நான் மட்டும்தான்."

தயாளன் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டான். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"ரெண்டாம் நாளே தெரியும் சிஸ்டர். ஆளுக்கு வெயிட் பண்ற பொண்ணு வாசலப் பாக்கும். நீங்க கப்பையே பாத்துகினு இருந்தீங்க."

"அப்ப ஏன் தினமும் ரெண்டு வச்சீங்க?"

"நீங்கதான் வருவாங்கன்னு சொன்னீங்களே. நா ஒண்ணு மட்டும் வச்சா, உங்க மூஞ்சிக்கு நேரா பொய்யின்னு சொன்ன மாதிரி ஆவாதா?"

அவள் தலை குனிந்தாள். பிறகு, வீட்டில் சொல்லாததை, பெஞ்சில் சொல்லாததை, சட்டையில் நூலால் பெயர் தைத்த அந்த ஆளிடம் சொன்னாள். எட்டு. பத்து. இருபது நாள்.

"எட்டுலயா இவ்ளோ தூரம் நடந்து வந்துகினு கீறீங்க? அதுக்குப் போயி இந்தத் தக்காளியவா குடிப்பாங்க?" தயாளன் திரையை விலக்கி வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அது காலைலயே போட்டு வச்சது சிஸ்டர். மக்காச்சோள மாவு, சக்கரை, கொஞ்சூண்டு தக்காளி. ருசிக்கு ஓகே. சத்துக்கு ஒண்ணும் இல்ல. ஸ்வீட் கார்னும் அதே கதைதான். வெஜிடபிள் சூப்பு ஆர்டர் வந்தாத்தான் போடுவாங்க, அது பரவால்ல. முருங்கைக்கீரைதான் நல்லது. ஆனா அத எவனும் கேக்கறதில்ல."

"ஏன்?"

"வூட்டாண்ட மரத்துல கீற கீரைய ஹோட்டல்ல வந்து எவன் குடிப்பான்?"

செல்வமேரிக்குச் சுருக்கென்றது. பலகையில் முதல் நாளே அவள் அதைப் படித்திருந்தாள். படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தாள். வீட்டுப் பின்புறம் முருங்கை நின்றது. அப்பாவுக்கு வேலை இல்லாத மழைக்கால வாரங்களில் அம்மா அதைத்தான் ஆய்ந்து ஆய்ந்து போடுவாள். அந்த இலையிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் படித்தோமோ என்று கூட அவள் ஒருமுறை நினைத்ததுண்டு. திரை போட்ட அறையில் உட்கார்ந்து அதையே கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் ரத்தத்தை ஊற வைக்காது என்பதும் தெரிந்தது.

"நெஜமாவே கீரை போடுவாங்களா? இல்ல பேருக்கு ரெண்டு இலை நீஞ்சுமா?"

"பேருக்கு ரெண்டுதான் நீஞ்சும். நா மாஸ்டராண்ட சொல்லி நீச்சல் குளத்தயே ரொப்பச் சொல்றேன்."

அன்றிலிருந்து இருபது நாள் முருங்கைக்கீரை சூப். கீழே வெந்த பாசிப்பருப்பு, மேலே மிளகு, ஒரு மூடி எலுமிச்சை. முதல் நாள் கசந்தது. மூன்றாம் நாள் கசப்புக்குப் பின்னால் பருப்பின் இனிப்பு தெரிந்தது. ஒரு வாரம் போனதும், தக்காளி சூப் குடித்ததெல்லாம் குழந்தைத்தனம் என்று தோன்றியது. கோப்பை அப்போதும் இரண்டாகத்தான் வந்தது. ஒரு சூப் என்றால் இரண்டு கோப்பைதான், அளவு மாறாது, பெரிய கிண்ணம் ஹோட்டலிலேயே கிடையாது என்றான் தயாளன். இரண்டையும் அவளே குடித்தாள். முதல் கோப்பை சூடாக. இரண்டாவது வெதுவெதுப்பாக, மாத்திரையோடு.

பெஞ்சிலும் சொல்லிவிட்டாள். "யாரும் இல்ல மிஸ். ரெண்டு கோப்பையும் எனக்குத்தான் வச்சது."

"போடி, எங்ககிட்டயே மறைக்கறியா!" என்றார் நாகலக்ஷ்மி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியா" என்றார். யாரும் அவளை எழுந்து போகச் சொல்லவில்லை. பெஞ்சில் அவள் இடம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கேட்பதற்குக் கேள்வி இல்லாமல் போய்விட்டது. பேச்சு அவளைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிற்று. நாலாம் நாள் அவளாகவே டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். யாரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்டு மூன்றாவது வாரம் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தாள். தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "பத்து புள்ளி ரெண்டு" என்றார் அவர். "தப்பிச்சே. விடாம சாப்பிட்டுண்டு இரு." பேனா மூடியைத் திறந்தார். கையெழுத்து ஒரே இழுப்பில் முடிந்தது.

சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் வரும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அப்பாவிடமா? அவரைப் பொறுத்தவரை அவள் ஆறு வாரத்துக்கு முன்னாலேயே ஜெயித்துவிட்டாள். லட்டும் தின்று தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் போய், 'ரத்தம் ஏறிவிட்டது' என்றால், 'எப்போ இறங்கிச்சு?' என்றுதான் கேட்பாள். தோற்றதைச் சொல்லாதவளால் ஜெயித்ததையும் சொல்ல முடியவில்லை. இத்தனை பெரிய ஊரில் அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரிந்தவன் ஒருவன்தான். தாம்பரம் வந்ததும் கிட்டத்தட்ட ஓடினாள்.

கடைசி அறையில் திரையை விலக்கிக்கொண்டு வந்தது வேறு ஆள். சட்டையில் 'தசரதன்' என்று தைத்திருந்தது.

"தயாளன் இல்லையா?"

"அவனப் பல்லாவரம் பிராஞ்சுக்குப் போட்டாங்க மேடம், நேத்துதான். ஆளு பத்தலன்னு. இன்னா வேணும்?"

"முருங்கைக்கீரை சூப்."

தசரதன் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். வரும்போது இரண்டு கோப்பை. ஒன்றை அவள் முன்னால் வைத்தான், மற்றதை எதிரே. உள்ளே இரண்டு இலைதான் நீந்திற்று.

"அவுங்க வராங்களா மேடம்?"

"இல்லை. ரெண்டும் எனக்குத்தான்" என்றாள் செல்வமேரி. வாய் தடுமாறவில்லை. எதிர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "தயாளனைப் பார்ப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழம ரூமுக்கு வருவான். இன்னா சொல்லணும்?"

"பத்து புள்ளி ரெண்டுன்னு சொல்லுங்க."

"இன்னா மேடம் அது, பஸ் நம்பரா?"

"அவருக்குத் தெரியும். பத்து புள்ளி ரெண்டு. மறந்துடாதீங்க."

தசரதன் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். பக்கத்து அறையில் யாரோ ஒரு குழந்தைக்கு ஊதி ஊதி ஆற வைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வமேரி எலுமிச்சை மூடியைப் பாதிப் பாதியாக இரண்டிலும் பிழிந்தாள். முதல் கோப்பையைக் குடித்து முடித்து ஓரமாக வைத்தாள். பிறகு இரண்டாவதை எடுத்தாள். இன்னும் சூடாகவே இருந்தது.